ஆர்பிஎம் விழாவிட்டால்தான் பயம்

பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம் பக்கம் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர் மக்கர் பண்ணினால் மெக்கானிக் முதலில் கேட்பது ரெண்டே கேள்விதான்: பெட்ரோல் வருதா, கரண்ட் வருதா? நான் எஞ்சின் வேலை பழகியது அந்தப் பட்டறைகளில். பின்னால் விமானப் பராமரிப்புப் படித்து, பயிற்சி விமானங்களின் லைகமிங் எஞ்சினில் கை வைத்தபோதும் அதே இரண்டு கேள்விகள்தான் வழிகாட்டின. ஸ்பிரேயரிலும் சரி, செஸ்னா விமானத்திலும் சரி, பிளக்குக்குக் கரண்ட் கொடுப்பது மேக்னெட்டோ. காந்தம் சுற்றும், பாயிண்ட் பிரியும், பிளக்கில் பொறி விழும். பேட்டரி செத்துப்போனாலும் வானத்தில் எஞ்சின் நிற்காது. ரைட் சகோதரர்கள் 1903இல் பறந்த எஞ்சினிலும் மேக்னெட்டோதான் இருந்தது.

இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள். "எஞ்சின் மிஸ் ஆகுதுன்னா எங்கண்ணே ஆரம்பிக்கிறது?" என்று போனில் கேட்கிறார்கள். ஸ்பேனரை எடுக்கும் முன்னால் பைலட்டிடம் பேசு என்பேன். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா? இரவு மழை பெய்ததா? இடது மேக்னெட்டோவிலா, வலதிலா? ஆர்பிஎம் அதிர்ந்து விழுந்ததா, அதிராமல் விழுந்ததா? பாதி வேலை இந்தப் பதில்களிலேயே முடிந்துவிடும்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், எஞ்சினுக்கு இரண்டு மேக்னெட்டோ. பறக்கும் முன் ஒன்றை நிறுத்தி மற்றொன்றில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஒரே பிளக்கில் எரியும்போது நெருப்பு சிலிண்டர் முழுக்கப் பரவக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அதனால் ஆர்பிஎம் குறையும். செஸ்னா 152, பழைய 172களில் 1700 ஆர்பிஎம்மில் இந்தச் சோதனை. 125க்கு மேல் விழக்கூடாது, இரண்டு மேக்னெட்டோவுக்கும் வித்தியாசம் 50ஐத் தாண்டக்கூடாது. 172எஸ் என்றால் 1800இல் பார்க்க வேண்டும். 150 வரை விழலாம், வித்தியாசத்துக்கு அதே 50.

அதிகம் விழுந்தால் எல்லோரும் பதறுகிறார்கள். நான் பதறுவது கொஞ்சமும் விழாதபோது. "அண்ணே, ட்ராப்பே இல்ல, எஞ்சின் சூப்பரா இருக்கு" என்று ஒரு பயிற்சி மாணவர் சந்தோஷமாக வந்து சொன்னதும், ப்ரொப்பெல்லர் பக்கம் யாரும் போகாதபடிதான் முதலில் பார்த்துக்கொண்டேன். மேக்னெட்டோவை நிறுத்துவது வீட்டு ஸ்விட்ச் மாதிரி இணைப்பைத் துண்டிக்கிற வேலை இல்லை. அதன் கரண்டை பி-லீட் என்கிற ஒயர் வழியாக பாடியில் எர்த் செய்தால்தான் அது அடங்கும். அந்த ஒயர் அறுந்துவிட்டாலோ, ஸ்விட்சுக்குள் தொடுப்பு விட்டுப்போனாலோ, சாவி ஆஃபில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும். ஸ்டாப் பட்டன் ஒயர் அறுந்த ஸ்பிரேயர் நிற்காமல் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அங்கே பெட்ரோலை அடைத்து நிறுத்திவிடலாம். இங்கே எஞ்சின் நின்றிருக்கும்போதுதான் ஆபத்து: யாராவது ப்ரொப்பெல்லரைக் கையால் லேசாகத் திருப்பினால் சிலிண்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி பற்றி அது சுழன்று அடிக்கும். அன்று பார்த்தபோது மேக்னெட்டோவின் பின்பக்கத் திருகில் பி-லீட் முனை ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே எஞ்சினை நிறுத்தும் முன் ஐட்லிங்கில் சாவியை ஒரு நொடி ஆஃபுக்குக் கொண்டுபோய் எஞ்சின் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு உடனே திருப்ப வேண்டும். பி-லீட் சரியாக இருந்தும் ட்ராப் வழக்கத்தைவிடக் குறைவு என்றால் டைமிங் முன்னால் நகர்ந்திருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட்டிங்கில் ஒரு அடையாளம் சொல்கிறேன். சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும்வரை பற்றாமல், விட்ட கணத்தில் எஞ்சின் பற்றுகிறது என்றால் இடது மேக்னெட்டோவைப் பாருங்கள். பல எஞ்சின்களில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது இடது மட்டும்தான் வேலை செய்யும். அந்த மெதுவான சுற்றிலும் பொறி வர, இம்பல்ஸ் கப்ளிங் என்ற ஸ்பிரிங் அமைப்பு காந்தத்தைப் பிடித்துவைத்து, 'டக்' என்று விடும். அது தேய்ந்தோ ஒட்டிக்கொண்டோ இருந்தால், சாவியை விட்டதும் உயிர்பெறும் வலதுதான் எஞ்சினைக் காப்பாற்றுகிறது.

மேக்னெட்டோ சோதனையில் ஆர்பிஎம் அதிர்ந்து விழுகிறது என்றால் பெரும்பாலும் பிளக். எந்தச் சிலிண்டர்? ஆறிய எஞ்சினை, பழுதுள்ள மேக்னெட்டோவில் மட்டும், குறைந்த ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். நாலு எக்ஸாஸ்ட் குழாயிலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் காட்டினால் எரியாத சிலிண்டர் குளிர்ந்து நிற்கும். அதில் அந்த மேக்னெட்டோவுக்கான பிளக்கை வேறு சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக் குற்றவாளி. அதே சிலிண்டரில் நின்றால் ஹார்னஸ் ஒயர் அல்லது டிஸ்ட்ரிபியூட்டர். இதைச் செய்யாமல் மேக்னெட்டோவைக் கழற்றச் சொல்பவர்கள் மீது எனக்குக் கோபமே வரும்.

100எல்எல் பெட்ரோலில் ஈயம் உண்டு. வெயிலில் நெடுநேரம் ஐட்லிங்கில் நிற்கும் பயிற்சி விமானங்களில், கீழ்ப் பிளக்குகளில் அது சாம்பல் நிற மணி மணியாக ஒட்டிக்கொள்ளும். தரையிலேயே மிக்ஸ்சரில் பெட்ரோலைக் குறைத்து ஓட்டினால் பாதி தொல்லை இல்லை. பிளக்கைச் சுத்தம் செய்யும்போது பீங்கானில் கம்பி பிரஷ் படக்கூடாது. இடைவெளி பொதுவாக 0.016 முதல் 0.021 அங்குலம், வெளி முனையை மட்டுமே நகர்த்த வேண்டும். ரெசிஸ்டன்ஸ் 5,000 ஓமைத் தாண்டினால் மாற்றிவிடுவேன். கை தவறிக் கீழே விழுந்த பிளக்கை, பார்க்க நன்றாக இருந்தாலும், திரும்ப மாட்டவே கூடாது. உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம்.

ஆறியிருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் தடுமாறினால் பெரும்பாலும் காயில் அல்லது கன்டென்சர். மதிய வெயிலில் மருந்தடிக்கும்போது நின்று, அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும் ஸ்பிரேயரிலும் பல நேரம் பழுது இதேதான். ஆறவைத்துப் பார்த்துவிட்டு "நல்லாத்தான இருக்கு" என்று திருப்பி அனுப்பாதீர்கள், சூட்டிலேயே சோதியுங்கள்.

ஒவ்வொரு சோதனையிலும் இடது எவ்வளவு, வலது எவ்வளவு என்று எழுதிவையுங்கள். 60 விழுந்துகொண்டிருந்தது 90, 110 என்று ஏறினால், 125ஐத் தொடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லைசென்ஸ் வாங்காத தம்பிகள் பழுதைக் கண்டுபிடித்துச் சொல்லலாம். விமானத்தைப் பறக்க விடும் கையெழுத்து டிஜிசிஏ லைசென்ஸ் உள்ள இன்ஜினியருடையது.