மடியிலிருக்கும் மழலைக்கு எந்தப் புத்தகம்?

சரக்கு எடுக்கும்போது நாம் அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கிறோம். மிளகாயை முகர்ந்து பார்க்கிறோம். பிள்ளைக்குப் படப்புத்தகம் வாங்கும்போது மட்டும் அட்டையின் பளபளப்பைக் கண்டே காசைக் கொடுத்துவிடுகிறோம்.

இதனால் வரும் நஷ்டம் காசு மாத்திரமன்று. ஜெஞ்சாரோமில் வளரும் பிள்ளைக்குப் பள்ளியிலும் தெருவிலும் மலாய் தானே வந்து சேர்கிறது. தமிழோ, வீட்டில் நாம் வாய் திறந்தாலன்றி வராது. நாம் கடையடைத்து வீடு சேருமுன் பிள்ளை உறங்கிவிடுகிறது!

ஆகவே, தேர்ந்து வாங்குவோம். முதலாவது, ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பார்க்க வேண்டும். நம் நாவுக்கு இடறும் வாக்கியம் பிள்ளையின் செவிக்கும் இடறும். இரண்டாவது, எழுத்தைக் கையால் மறைத்துப் படத்தை மட்டும் நோக்க வேண்டும், "இது என்ன?" என்று பிள்ளை கேட்க அதில் இடமிருக்க வேண்டும். மூன்றாவது, வயது. இரண்டு வயதுக்குக் கெட்டி அட்டையும் பக்கத்துக்கு ஒரு வரியும் போதும். ஐந்து வயதுக்குச் சிறு கதை ஏற்றது.

சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படநூல்களை வெளியிட்டுள்ளது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில், படிநிலை வாரியாகப் பிரித்த தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகவே வாசிக்கலாம்.

இரவில் இயலாதெனில், காலையில் கடை திறக்குமுன் பத்து நிமிஷம் ஒதுக்குவோம். "அத்தா, இன்னொரு தடவை!" என்று பிள்ளை கேட்டால் சலியாமல் வாசிப்போம். திரும்பத் திரும்பக் கேட்டே சொல் மனத்தில் தங்குகிறது. இந்த வாரமே ஒரு நூலுடன் தொடங்குவோமாக!