தக்கோலத்தில் மோதியவை இரண்டு மொழிகளா?

திருத்தணியிலிருந்து அரக்கோணம் தாண்டிச் சிறிது தூரம் போனால் தக்கோலம். கி.பி. 949 வாக்கில் தென்னாட்டின் இரு பேரரசுகளான சோழரும் ராஷ்டிரகூடரும் அங்கேதான் மோதினார்கள். பராந்தக சோழனின் மூத்த மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டான்.

இது தமிழருக்கும் கன்னடருக்கும் நடந்த போர் என்று பலர் நம்புகிறார்கள். மொழிவழி எல்லைக்காகப் போராடி 1960 ஏப்ரலில் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர் திருத்தணி. இங்கே அப்படி ஓர் எண்ணம் எழுவது இயல்புதான். ஆனால் கல்வெட்டுகள் அதற்கு இடம் தரவில்லை.

இரண்டு பக்கத்திலும் யார் யார் நின்றார்கள் என்று பாருங்கள். சோழர் பக்கத்தில் கங்க மரபைச் சேர்ந்த இரண்டாம் பிருதிவீபதி நெடுங்காலம் துணை நின்றான். பாணர்களை வென்ற பராந்தகன் அவர்களுடைய பட்டத்தை இவனுக்குக் கொடுத்தான். நம் பக்கத்துச் சோளிங்கரில் உள்ள கல்வெட்டே அதைச் சொல்கிறது. திருநாவலூர்ப் பகுதியில் இராசாதித்தனோடு தங்கியிருந்த படையில் கேரள வீரர்கள் நிறையப் பேர். எதிர்ப் பக்கத்தில் ராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணனும் அவன் தமக்கையை மணந்த கங்க அரசன் பூதுகனும். அதாவது கங்க மரபினர் இரு பக்கத்திலும் இருந்திருக்கிறார்கள். பராந்தகனிடம் நாட்டை இழந்த பாணரும் வைதும்பரும் இந்த வடஎல்லைச் சீமையின் பழைய ஆட்சியாளர்கள். மீட்புக்கு அவர்கள் நம்பியது கிருஷ்ணனைத்தான்.

போருக்கான காரணமும் அங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கம் நிலம் பறிபோனவர்களின் மனக்குறை. இன்னொரு பக்கம் திருமண உறவு. கிருஷ்ணனின் தந்தை பிடித்துக்கொண்ட அரியணை, நான்காம் கோவிந்தனுடையது. அந்தக் கோவிந்தன் பராந்தகனின் மருமகன் என்றும், பதவி இழந்தபின் சோழரை அண்டினான் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் அவன் உயிரோடு சோழர் பக்கம் இருக்கும்வரை கிருஷ்ணனின் குடும்பத்துக்கு ஏது நிம்மதி?

இராசாதித்தன் வஞ்சகமாகக் கொல்லப்பட்டான் என்பது அடுத்த நம்பிக்கை. கர்நாடகத்தின் ஆதகூரில் கிடைத்த கல், பூதுகன் யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கி அவனைக் கொன்றதாகவும், அதற்குப் பரிசாக வனவாசி உள்ளிட்ட நாடுகளைப் பெற்றதாகவும் கூறுகிறது. அந்தக் கல் பூதுகனுக்காக நட்டதில்லை, காட்டுப்பன்றியோடு சண்டையிட்டு மாண்ட ஒரு வேட்டை நாய்க்கு எடுத்த நடுகல்! சோழர் தரப்பில் ஆனைமங்கலச் செப்பேடு, கிருஷ்ணனின் படையைக் கலக்கிய இராசாதித்தன் யானைமேல் இருந்தபோது கூரிய அம்பு நெஞ்சில் பாய்ந்து வீரசொர்க்கம் போனான் என்கிறது. கொன்ற விதத்தில் இரண்டும் வேறுபடுகின்றன. ஆனால் மகனை இழந்த சோழர் குலமே வஞ்சகம் என்று குற்றம் சாட்டவில்லை. பின்னால் வந்தவர்கள் அதைச் சேர்ப்பது மாண்டவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தோல்வியோடு சோழநாடே கிருஷ்ணன் கைக்குப் போய்விட்டதா? ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ என்ற பட்டத்தை அவன் சூடிக்கொண்டது உண்மை. ஆனால் அவனுடைய கல்வெட்டுகள் தொண்டை மண்டலத்திலும் நடுநாட்டிலும்தான் கிடைக்கின்றன, காவிரிக் கரையில் இல்லை. சோழர் தங்கள் வடபாதியை இழந்தார்கள், தாயகத்தைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

அந்த வடபாதி நம் சீமை. பேரரசர்கள் மோதினால் இங்கிருந்த குடிகளுக்கு என்ன ஆகும் என்பதைக் கிருஷ்ணனின் கர்ஹாட் செப்பேடு மறைக்காமல் சொல்கிறது. 959-இல் அவன் பொன்னையாற்றங்கரை மேல்பாடியில் பாளையமிட்டிருந்தான். தென்னாட்டு நிலங்களைத் தன்னைச் சார்ந்தவர்களுக்குப் பிழைப்பாகப் பிரித்துக் கொடுக்கவும், இங்கிருந்த தலைவர்களின் சொத்தைக் கைப்பற்றவும், கோயில்கள் கட்டவும் வந்திருந்தானாம். வென்றவர்களும் நிலைக்கவில்லை. 967-இல் கிருஷ்ணன் மறைந்தான், 973-இல் சாளுக்கியத் தைலபன் ராஷ்டிரகூட ஆட்சியையே முடித்துவைத்தான். 985-இல் பட்டமேறிய இராசராசன், அதே மேல்பாடியில் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படைக் கோயில் எடுத்தான்.

அரசர்களைப் பற்றி இவ்வளவு தெரிகிறது. தக்கோலத்தில் மாண்ட படைவீரர்களுடைய பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. உயிரோடு எஞ்சிய ஒருவரைப் பற்றி மட்டும் திருவொற்றியூர்க் கல்வெட்டு பேசுகிறது. இராசாதித்தனின் நெருங்கிய நண்பரான கேரளத்துக்காரர் அவர். அவனோடு சேர்ந்து சாக முடியவில்லையே என்று மனம் கசந்து துறவு பூண்டார். சதுரானன பண்டிதர் என்ற பெயரில் மடத்துத் தலைவராகி, கோயிலுக்குப் பொன்னும் வழங்கினார். அந்தக் கொடையைப் பதிவுசெய்த கல்வெட்டில் ஆண்டு, கிருஷ்ணனின் ஆட்சியாண்டாகவே குறிக்கப்பட்டிருக்கிறது.