கடமை தவறாத காவலர்



பெற்றோர்க்குப் பிள்ளைகள் தேடித் தரும் பெருஞ்செல்வம் நற்பெயரே. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்து வழக்கறிஞர் ஒருவருக்கு அத்தகைய மக்கள் இருவர் வாய்த்தனர்.

மூத்தவர் கிருஷ்ணய்யர், இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதி. 1975-இல் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கில், அவர் கோரிய முழுத் தடையாணையை வழங்க மறுத்தார்.

இளையவர் இலட்சுமிநாராயணன், காவல் அதிகாரி. 1977 அக்டோபர் 3-இல் முன்னாள் பிரதமரான அவ்வம்மையாரைக் கைது செய்யும் கடுமையான பொறுப்பை ஏற்றார். விலங்கிடுமாறு அம்மையாரே கேட்டும் விலங்கிடவில்லை. மறுநாள் நீதிமன்றம் விடுவித்தது. காவலரும் அத்தீர்ப்புக்குப் பணிந்தனர். பின்னர் அவர் தமிழகக் காவல் துறைத் தலைவராக உயர்ந்தார்.

கோல சிலாங்கூர்த் தோட்டத்துச் செல்வங்களே! நாளை நீங்களும் காவல் சீருடை அணியலாம். அன்று ஆளைப் பாராது சட்டத்தைப் பாருங்கள். பால்மரம் வெட்டி உங்களைப் படிக்கவைத்த பெற்றோர் தலைநிமிர்ந்து நடப்பர்.