சியெனாவுக்கு பஸ், பீசாவுக்கு ரயில்

அன்புள்ள கவிதாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை ஃபுளோரன்ஸிலிருந்து சியெனாவுக்கு பஸ்ஸா ரயிலா என்று நீ வாட்ஸப்பில் கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த வாரம் பீசாவுக்கு எப்படி என்பாய், அதற்கடுத்த வாரம் உன் சிநேகிதிகள் ரோமுக்கு இழுப்பார்கள். அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். பொறுமையாகப் படி.

சியெனாவுக்கு பஸ்ஸில் போ. இத்தாலியில் ரயில்தான் உசத்தி என்று காலேஜில் எல்லாரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரிதான், ஆனால் சியெனா விஷயத்தில் சரிப்படாது. ஊர் இருப்பது குன்றின் மேல், ரயில் நிலையம் இருப்பது கீழே பள்ளத்தில். பழனி அடிவாரத்தில் இறக்கிவிட்டு, மேலே போய்க்கொள் என்பது மாதிரி. எஸ்கலேட்டர் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. எதிரே இருக்கும் ஷாப்பிங் சென்டருக்குள் நுழைந்து, ஒன்று மாற்றி ஒன்றாக ஏறிக்கொண்டே இருந்தால் கமோல்லியா வாசல் பக்கம் கொண்டுபோய் விடும். அங்கிருந்து ஊர் நடுவில் இருக்கும் காம்போ சதுக்கத்துக்கு இன்னும் இருபது நிமிஷ நடை. பஸ் அப்படியில்லை. கிராம்ஷி சதுக்கத்தின் ஓரத்திலேயே இறக்கிவிடும், பத்து நிமிஷத்தில் காம்போவில் நிற்பாய்.

ரயில் ஏன் அங்கே இப்படி மெதுவாகப் போகிறது என்று கேட்கலாம். ஃபுளோரன்ஸிலிருந்து எம்போலி வரை நல்ல பாதை. எம்போலியிலிருந்து பிரிந்து சியெனா போவது 1849-இல் திறந்த பழைய பாதை. மேலே மின்கம்பி கிடையாது, டீசல் வண்டிதான். சில பகுதிகளில் ஒற்றைத் தண்டவாளம், எதிரே வரும் வண்டி தாமதமானால் நம் வண்டி ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் காத்து நிற்கும். சில வண்டிகள் நேரே போகும், சிலவற்றுக்கு எம்போலியில் இறங்கி மாற வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். பஸ் சுங்கமில்லாத நெடுஞ்சாலையில் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்ச் சேரும். பஸ் நிலையம் சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பலகையில் 131 என்ற எண்ணோடு ஆர் என்ற எழுத்து இருக்கிறதா பார்த்து ஏறு, அதுதான் விரைவு வண்டி. மற்றது வழியில் ஊர் ஊராக நின்று போகும்.

திரும்பி வருவதற்கு மட்டும் ரயிலை யோசித்து வை. ஞாயிறு சாயங்காலம் ஊர் சுற்றப் போனவர்களின் கார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஃபுளோரன்ஸுக்குள் நுழையும், பஸ் அதற்குள் மாட்டிக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது. பஸ் டிக்கெட் எடுத்திருந்தாலும் சீட் உனக்கென்று எழுதி வைத்திருக்காது, வாரக் கடைசியில் வரிசையில் நிற்க வேண்டும். திரும்பும்போது ஸ்டேஷனுக்கு எஸ்கலேட்டரில் இறங்குவதுதானே, சிரமமில்லை. போக வரச் சேர்த்து எடுத்தால் ரெஜியோனாலே என்கிற சாதாரண ரயிலில் சலுகை ஒன்றும் கிடையாது. ஆகவே போவது ஒன்றில், வருவது இன்னொன்றில் என்றால் உனக்கு நஷ்டமில்லை. கட்டணம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரு நாள் பயணத்துக்கு நான் முதலில் பார்ப்பது திரும்பி வரும் கடைசி வண்டியை. அப்புறம்தான் மற்றதெல்லாம். வண்டி எவ்வளவு வேகம் என்பதைவிட, எங்கே இறக்கிவிடுகிறது என்று கேள். உன் அறைக் கதவிலிருந்து நீ பார்க்க வேண்டிய இடம் வரை கணக்குப் போடு. ஸ்டேஷனிலிருந்து ஸ்டேஷனுக்குப் போடும் கணக்கு பாதிக் கணக்குதான்.

பஸ் அட்டவணை பார்க்கும்போது கவனம். இரண்டு சுத்தியல் குறுக்காக வைத்த சின்னப் படம் போட்டிருந்தால் அது வேலை நாள் வண்டி, சனிக்கிழமையும் அதில் சேர்த்தி. சிலுவை போட்டிருந்தால் ஞாயிறும் பண்டிகை நாளும். இதைப் பார்க்காமல் ஞாயிறன்று நிறுத்தத்தில் போய் நின்று, வராத பஸ்ஸுக்கு வெயிலில் காய்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் மட்டும் ஓடும் பஸ்களும் உண்டு, அதற்கும் தனிக் குறிப்பு இருக்கும். டிக்கெட்டை முன்கூட்டியே கவுண்டரிலோ, வாசலில் பெரிய டி எழுத்து மாட்டிய தபாக்கி கடையிலோ வாங்கிக்கொள். ஏறியதும் மெஷினில் பதித்துவிடு.

பீசாவுக்கு யோசனையே வேண்டாம், ரயில்தான். ரெஜியோனாலே ஒரு மணி நேரத்தில் போய்விடும், அடிக்கடி இருக்கிறது. பீசா சென்ட்ரலில் இறங்கினால் சாய்ந்த கோபுரத்துக்கு ஊரைக் குறுக்கே கடந்து அரை மணி நேரம் நடக்க வேண்டும். உனக்கு அது நல்லது, ஆர்னோ நதியைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஏப்ரலில் உங்கம்மா வரும்போது அவள் முழங்காலை வைத்துக்கொண்டு அந்த வேலை வேண்டாம். சென்ட்ரலில் வண்டி மாறி சான் ரொஸ்ஸோரே என்ற அடுத்த சின்ன ஸ்டேஷனில் இறங்கு, கோபுரம் கிட்டத்தில்.

சான் ஜிமிஞ்ஞானோவுக்கு ரயிலே கிடையாது. பொஜ்ஜிபோன்ஸி வரை ரயிலிலோ பஸ்ஸிலோ போய், அங்கே வேறு பஸ் ஏற வேண்டும். பாதை வளைவு அதிகம். உங்கம்மாவுக்கு ஊட்டி மலை ஏறும்போதே கல்லார் தாண்டினால் தலை சுற்றும், எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும்.

இனி ரோம். மலிவாக பஸ் டிக்கெட் கிடைக்கிறது, ஒரே நாளில் போய் வந்துவிடலாம் என்று உன் சிநேகிதிகள் சொல்வதாக எழுதியிருந்தாய். கூட்டிப் பார். ஃபிளிக்ஸ்பஸ் நிற்பது பெரும்பாலும் வில்லா கொஸ்தான்சாவில், மோட்டார்வே ஓரம். சாந்தா மரியா நொவெல்லாவிலிருந்து டிராமில் அங்கே போகவே இருபது இருபத்தைந்து நிமிஷம் ஆகும். பஸ்ஸில் மூன்றரை மணி நேரம். இறக்கிவிடுவது ரோம் திபுர்தீனாவில், அங்கிருந்து மெட்ரோ பிடித்து ஊருக்குள் போக வேண்டும். காலையில் நாலரை மணி நேரம், சாயங்காலம் அதேபோல. மிச்சமிருக்கும் நேரத்தில் கொலோசியத்துக்கு வெளியே நின்று ஒரு படம் எடுக்கலாம். வேக ரயில் ஒன்றரை மணி நேரத்தில் தெர்மினியில் கொண்டுபோய் நிறுத்தும். காசு அதிகம்தான். ஆனால் ஃப்ரெச்சாரோஸ்ஸாவும் இத்தாலோவும் ஒரே தடத்தில் போட்டி போடுகின்றன, சில வாரம் முன்னாலேயே எடுத்தால் விலை நன்றாக இறங்கும். அந்த மலிவு டிக்கெட்டைப் பெரும்பாலும் மாற்ற முடியாது, பணமும் திரும்பாது. அதனால் நாள் உறுதியான பிறகு எடு. மலிவும் வேண்டும், முன்கூட்டி எடுக்கவும் முடியாது என்றால் ரோமில் ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி வைத்துக்கொண்டு பஸ்ஸில் போங்கள். ஒரு நாள் பயணத்துக்கு அந்த பஸ் ஆகாது.

ரெஜியோனாலே டிக்கெட்டுக்கு இந்த விலையேற்றம், இறக்கம் எதுவும் இல்லை. தூரத்துக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம், கடைசி நிமிஷத்திலும் அதே விலை. ஆனால் காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் பிளாட்ஃபாரத்தில் இருக்கும் மெஷினில் குத்த வேண்டும். குத்திய நேரத்திலிருந்து 4 மணி நேரம் செல்லும். மொபைலில் எடுத்தால் வண்டி ஏறுமுன் செக்-இன் அழுத்த வேண்டும். இரண்டையும் மறந்துவிட்டு, டிக்கெட் இருக்கிறதே என்று பரிசோதகரிடம் நீட்டினால் அபராதம் போடுவார். டூரிஸ்ட், ஸ்டூடன்ட், அழுகை எதுவும் அங்கே எடுபடாது.

பொலோனியாவுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறாய் அல்லவா, வேக ரயிலில் வா. முப்பத்தைந்து, நாற்பது நிமிஷம்தான். ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை போடாதே. 2009-இல் திறந்த அந்தப் பாதை ஏறக்குறைய 78 கிலோமீட்டர், அதில் 73 கிலோமீட்டர் சுரங்கம். மலையைப் பார்க்க ஆசை என்றால் ப்ராத்தோவில் மாறி ரெஜியோனாலேயில் வரலாம், ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். அதுவும் பழைய நீளமான சுரங்கம் ஒன்றுக்குள் நுழைந்துதான் வரும்.

இங்கே வேக ரயில் நிற்பது பூமிக்கு 23 மீட்டர் கீழே. எஸ்கலேட்டரில் ஏறும்போது நடுவில் கிஸ் அண்ட் ரைடு என்று ஒரு தளம் வரும், பேரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அங்கேயே வெளியேறிவிடாதே. கடைசி வரை மேலே வா. மெதாலியே தோரோ சதுக்கத்தில், 10.25 காட்டி நிற்கும் கடிகாரத்துக்குக் கீழே நான் நிற்பேன். அது ரிப்பேர் இல்லை. 1980 ஆகஸ்ட் 2 அன்று அந்த நேரத்தில்தான் ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் செத்தார்கள். ஆம்புலன்ஸ் போதாமல் 37-ஆம் நம்பர் டவுன் பஸ்ஸை அனுப்பினார்கள், ஜன்னலில் வெள்ளைத் துணி கட்டி, அடிபட்டவர்களையும் சடலங்களையும் அதில் ஏற்றினார்கள். நேரில் காட்டுகிறேன்.

வேலைநிறுத்தம் இங்கே சகஜம், வெள்ளிக்கிழமை என்றால் கொஞ்சம் கூடுதலாகவே சகஜம். முன்னாலேயே அறிவித்துவிடுவார்கள், முந்தின ராத்திரி பார்த்துக்கொள். வேலை நாள் என்றால் காலை 6 முதல் 9 வரையும், சாயங்காலம் 6 முதல் 9 வரையும் ரெஜியோனாலே வண்டிகளை ஓட்டியாக வேண்டும் என்று விதி. ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ரயிலுக்கு வேலைநிறுத்தம் என்றால் பஸ்ஸுக்கும் என்று அர்த்தமில்லை, தனித்தனியாகப் பார்.

சியெனாவிலிருந்து சித்திக்கு ரிச்சியாரெல்லி ஒரு பெட்டி வாங்கி வா, பாதாம் பிஸ்கட், மெத்தென்று இருக்கும். பான்ஃபோர்த்தே வேண்டாம். போன தடவை வாங்கி வந்ததே இன்னும் அலமாரியில் கிடக்கிறது, எனக்குப் பல் போதவில்லை.

அன்புடன்,
சித்தப்பா