மலையிறங்கிய மருமகளுக்கு

கண்ணு,

குற்றவியலில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று நீ சொன்ன இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் தாத்தா கொழுந்துக் கூடை சுமந்த மலை இது. நானும் இங்கே ஒரு தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள். சிறார் வழக்குகளுக்கு நன்னடத்தை அறிக்கை எழுதும் வேலையில் இருபது வருடம் இருந்தேன். நாற்பத்தாறு வயதில் அந்தப் பட்டத்துக்கு எழுதிப் போட்டேன். இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறைதான் கதவு திறந்தது. மதிப்பெண் குறைந்ததால் வந்த வினை இல்லை அது. அப்போது எனக்குக் கேட்கத் தெரியவில்லை. உனக்கு அந்த வருடங்கள் வீணாகக் கூடாது என்றுதான் அத்தை எழுதுகிறேன்.

1. பல்கலைக்கழகத்தைத் தேடுமுன் உன் கேள்வியைத் தேடு. மலேசியாவில் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது நம் ஜனங்கள் பட்டணத்து ஓரக் குடிசைகளுக்குத் தள்ளப்பட்டார்கள். குண்டர் கும்பல்களுக்கு அங்கிருந்துதான் பையன்கள் போனார்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நம் கேமரன் மலையின் கதை வேறு. 1929-இல் போ (BOH) தேயிலைத் தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து இங்கே தேயிலை தேயிலையாகவே நிற்கிறது. தோட்டம் போகவில்லை, பிள்ளைகள்தான் போனார்கள். அவர்கள் விட்ட நிரைகளில் இன்று வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும் இந்தோனேசியரும் நிற்கிறார்கள். தோட்டத்தைப் பறிகொடுத்தவனுக்கும் தானாக விட்டு இறங்கியவனுக்கும் பட்டணத்தில் நேர்ந்தது ஒன்றுதானா? நீ கேட்க வேண்டிய கேள்வி இப்படி இருக்கலாம். வேறொன்றாகவும் இருக்கலாம். உன்னைத் தூங்கவிடாததாக இருந்தால் போதும்.

2. எண்ணைக் கண்டு கூசாதே; அதை அப்படியே விழுங்கவும் செய்யாதே. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. நாற்பதாயிரத்துச் சொச்சம் உறுப்பினர்களில் 28,926 பேர் இந்தியர்கள் என்றது. நாட்டில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்தான். அன்று நான் வெட்கத்தில் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். ஆய்வு செய்கிறவள் செய்யக் கூடாத காரியம் அது. உறுப்பினர் என்று யாரை எண்ணினார்கள்? பிடிபட்டவனையா, இன்னொருவன் வாயில் பெயர் வந்தவனையா, சவ ஊர்வலத்தில் கும்பலின் கொடிக்குப் பின்னால் நடந்த பதினாறு வயதுப் பையனையா? அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் நடந்ததையும் பார். 2011-இன் கடைசியில் நாடாளுமன்றம் அவசரகாலப் பிரகடனங்களை விலக்கியது. 1969-இன் அவசரகாலச் சட்டத்தில் விசாரணையின்றி அடைபட்டிருந்தவர்கள் வெளியே வந்தார்கள். 2013-இல் பட்டியல் வந்தது. 2014-இல் குற்றத் தடுப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றி இரண்டு வருடம் அடைத்துவைக்கும் அதிகாரம் நடப்புக்கு வந்தது. இந்த வரிசையை ஒருவர்மேலும் பழி போடாமல், ஆண்டு தவறாமல் உன் முன்மொழிவில் எழுத முடிந்தால், நீ ஆய்வுக்குத் தயார் என்று நான் சொல்வேன்.

3. கவாத்து வெட்டாத தேயிலை மரமாகிவிடும், கொழுந்து தராது. ஆய்வுத் தலைப்பும் அப்படித்தான். என் முதல் முன்மொழிவின் தலைப்பு ‘மலேசிய இந்தியர்களும் குற்றமும்’. நேர்காணலில் ஒரு பெரியவர் கேட்டார்: “திங்கட்கிழமை காலையில் எந்த வீட்டுக் கதவை முதலில் தட்டுவீர்கள்?” எனக்குப் பதில் இல்லை. நீ எத்தனை வெட்டு வெட்டினாலும் பரவாயில்லை, அந்தக் கதவு தெரியும்வரை வெட்டு.

4. இனிச் சொல்வதை மெதுவாகப் படி. விண்ணப்பத்தில் ‘நான் தோட்டத்துப் பெண், எங்கள் வலி எனக்குத் தெரியும்’ என்று எழுதத் தோன்றும். இரண்டு முறையும் நான் அதைத்தான் எழுதினேன். எனக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று சொல்கிறேன். வேலையில் சேர்ந்த நான்காம் வருடம், சங்கிலி பறித்த வழக்கில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் வந்தான், மலைத்தோட்டத்துப் பிள்ளை. தாயை வரச் சொல்லி மூன்று கடிதம் அனுப்பினேன். அவள் வரவில்லை. ‘குடும்பத்துக்கு அக்கறை இல்லை’ என்று அறிக்கையில் எழுதினேன். தண்டனையை முடிவு செய்யுமுன் நீதிமன்றம் வாசிப்பது அந்த அறிக்கையைத்தான். பையனை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆறு வருடம் கழித்து ஒரு துக்க வீட்டில் அந்தத் தாயைப் பார்த்தேன். என்னை யாரென்று அறியாமலே சொன்னாள்: “மலாயில லெட்டர் வந்துச்சும்மா. படிச்சுச் சொல்ல ஆளில்ல. பத்திரமா சாமிப்படத்துக்குப் பின்னால வச்சிருந்தேன்.” லயத்தில் பிறந்த நான், ஒரு தமிழ்த்தாய்க்கு மலாய்க் கடிதம் போட்டுவிட்டு, வரவில்லை என்று தீர்ப்பு எழுதியிருந்தேன். ஒரு நாள் பஸ் ஏறிப் போய்க் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அங்கே பிறந்ததைத் தகுதியாகக் காட்டாதே, கண்ணு. யாரிடம் போனாய், என்ன கேட்டாய், கேட்டதில் உன் எண்ணம் எங்கே மாறியது என்பதை எழுது. மூன்றாவது விண்ணப்பத்தில் நான் இந்தக் கதையை எழுதினேன்.

5. அந்தச் சங்கிலிக்கு உரிய பாட்டியை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. கழுத்தில் காயம் என்று கோப்பில் ஒரு வரி, அவ்வளவுதான். நம் பையன்மேல் உள்ள பாசம் அடிபட்டவரை மறக்க வைக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் கற்பித்து, பின்னர் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் கே. சொக்கலிங்கம், குற்றத்தால் பாதிக்கப்பட்டோரைப் பற்றிய படிப்பை இந்தியாவில் வளர்த்தவர்களில் முன்னோடி. அவர் எழுதியவற்றைத் தேடி வாசி. உன் முன்மொழிவில் அந்தப் பாட்டிக்கும் ஓர் இடம் வேண்டும்.

6. மேற்பார்வையாளரை அவர் எழுத்தின் வழியாகத் தேர்ந்தெடு. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக் குற்றவியலாளர் பி. சுந்தரமூர்த்தி நம் நாட்டுக் குற்றம், போலீஸ் பற்றி நெடுங்காலம் பொதுவில் பேசி வருபவர். அவர் போன்றவர்களின் கட்டுரைகளிலிருந்து தொடங்கு. மலாயாப் பல்கலைக்கழகச் சட்டப் புலத்தில் குற்றவியல் நீதிக்கென்றே முதுகலை உண்டு. அடித்தளம் போதவில்லை என்றால் அதை முடித்துவிட்டுப் போவதில் குறைவில்லை. நான் ஒரே கடிதத்தைப் பதினொரு பேருக்கு அனுப்பினேன். ஒருவருக்குப் போனதில் இன்னொருவர் பெயர் இருந்தது. அவரிடமிருந்து பதில் வரவில்லை, வந்திருக்கவும் கூடாது. மூன்று பேருக்கு எழுது. ஒவ்வொருவரிடமும் அவர் கட்டுரையைப் படித்து உனக்கு எழுந்த ஒரு கேள்வியைக் கேள்.

7. உன் கையில் இல்லாத சாவியை விண்ணப்பத்தில் காட்டாதே. ‘சிறையில் ஐம்பது பேரைப் பேட்டி எடுப்பேன்’ என்று எழுதுவது சுலபம். காஜாங்கில் இருக்கும் சிறைத்துறைத் தலைமையகம் அனுமதி தர வேண்டும். போலீஸ் கணக்கு வேண்டுமானால் புக்கிட் அமான் போலீஸ் தலைமையகம் சம்மதிக்க வேண்டும். பூர்வகுடியினரிடம் போவதாக இருந்தால் அவர்களுக்கான இலாகாவின் அனுமதி. எல்லாவற்றுக்கும் மேலே பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழு. அனுமதி வராவிட்டால் என்ன செய்வாய் என்பதையும் எழுதிவிடு: விடுதலையாகி வந்தவர்கள், அவர்கள் வீட்டார், வெளியான தீர்ப்புகள். கம்பிக்குள் இருப்பவன் ‘சரி’ என்று சொன்னால், அவனுக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லும் சுதந்திரம் இருந்ததா என்று உன்னையே கேட்டுக்கொள். அவன் பேச மறுத்தால் நன்றி சொல்லி எழுந்து வா.

8. பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய ஆளைத் தேடி அலையாதே. நான் ஒரு கட்சித் தலைவரிடம் வாங்கினேன். அதில் என் தகப்பனாரைப் பற்றி நான்கு வரி இருந்தது, என் வேலையைப் பற்றி ஒன்றும் இல்லை. உன் கட்டுரையில் சிவப்பு மையால் கோடு போட்ட ஆசிரியரிடம் மூன்று மாதம் முன்னதாகவே போய்க் கேள்.

9. உன் தமிழை மறைக்காதே. தீசிஸ் மலாயில் அல்லது ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றைப் பழுதில்லாமல் எழுதப் பழகு. ஆனால் அந்தத் தாய் பேசியது தோட்டத்துத் தமிழ். பெரட்டு, கிராணி, ஆயாக்கொட்டகை என்று அவள் சொன்னால், விளக்கம் கேட்காமல் தொடர்ந்து கேட்க உன்னால் முடியும். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேட்டி எடுப்பேன் என்று முன்மொழிவில் தெளிவாக எழுது.

10. பணத்தைப் பற்றி உன் அப்பாவிடம் இப்போதே பேசு. உபகாரச் சம்பளம் கிடைக்காத வருடமும் வரும். எத்தனை வெள்ளி, எத்தனை வருடம் என்று தாளில் எழுதிக் காட்டு. நான் மறைத்தேன், அண்ணன் அதைப் பிறர் சொல்லிக் கேள்விப்பட்டார். அந்த வருத்தம் பட்டமளிப்பு நாளிலும் அவர் முகத்தில் இருந்தது.

11. திருப்பி அனுப்பினால் ஒரு வாரம் அழு. பிறகு காரணம் கேட்டு எழுது. நான் முதல் தடவை கேட்கவே இல்லை. அதனால்தான் இரண்டாம் தடவையும் அதே தவறைச் செய்தேன்.

அந்தத் தாய் இன்னும் இருக்கிறாள், கண்ணு. வயதாகிவிட்டது, காது சற்று மந்தம். நான் யார் என்பதை அவளிடம் சொல்லி வருடங்களாகிவிட்டன. இப்போதும் போனால் தேநீர் போட்டுத் தருகிறாள். விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வா. தானா ராத்தா பஸ் நிலையத்தில் நிற்கிறேன். இருவரும் போய் அவளிடம், எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டிவிட்டு வருவோம்.