உமிச் சாம்பலில் உள்ள உரம்

ஆற்று மணல், வரப்போரம் கிடக்கும் வெங்கச்சங்கல், நெல் உமி ஆகிய மூன்றிலும் சிலிகா என்னும் பொருள் இருக்கிறது. வெங்கச்சங்கல் ஏறக்குறைய முழுவதும் சிலிகாவே. உமியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உள்ளது.

ஆகவே மணற்பாங்கான நிலத்தில் பயிருக்குச் சிலிகா தாராளமாகக் கிடைக்கும் என எண்ணிவிடக் கூடாது. மணலில் உள்ள சிலிகா இறுகிப்போனது, எளிதில் கரையாது. வேர் உறிஞ்சுவதோ கரைந்த சிலிகாவை மட்டுமே. நெற்பயிர் தழைச்சத்தைவிட அதிகமாக இதை எடுத்துக்கொள்கிறது. இலையிலும் தண்டிலும் சிலிகா படிந்தால் பயிர் விறைப்பாக நிற்கும். குலை நோய்ப் பூசணம் எளிதில் உட்புகாது. தண்டுத் துளைப்பானின் தாக்குதலும் குறையும். யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் கதிர் முற்றும் வேளையில் பயிர் சாய்வது பலரும் கண்டதுதான். சிலிகா குறைந்த மண்ணில் இந்தச் சேதம் கூடும். ஜப்பானில் 1955-லேயே இரும்பாலைக் கசடு சிலிகா உரமாக ஏற்கப்பட்டது.

பற்பசைக்கும் டயருக்கும் வேண்டிய சிலிகாத் தூளைத் தயாரிக்க, மணலைச் சோடா சாம்பலுடன் 1,300 டிகிரிக்கு மேல் உருக்கி, நீரில் கரைத்து, கந்தக அமிலம் சேர்க்கிறார்கள். உமிச் சாம்பலானால் காஸ்டிக் சோடாக் கரைசலில் கொதிக்க வைத்தாலே சிலிகா கரைந்துவிடும். ஆலைகள் விரும்பும் இந்தக் குணமே பயிருக்கும் உதவுகிறது.

எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. 700 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வெந்தால் அதுவும் மணல்போல் இறுகும். மூட்டமாக எரிந்த கறுப்புச் சாம்பலே ஏற்றது. தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் நீர் தெளித்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு அள்ள வேண்டும்.

ஒரு டன் நெல்லை அரைத்தால் சுமார் 200 கிலோ உமியும், அதை எரித்தால் 40 கிலோ சாம்பலும் கிடைக்கும். நாற்றங்காலில் சென்ட்டுக்கு 20 கிலோ சாம்பலைக் கடைசி உழவில் கலக்கலாம். ஓர் ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் என்றால் 160 கிலோ போதும். களர் நிலத்தில் இட வேண்டாம். யூரியா, அம்மோனியம் சல்பேட் உரங்களுடன் சேர்த்துக் கலந்தால் தழைச்சத்து ஆவியாகிவிடும்.

வைக்கோலிலும் சிலிகா மிகுதி. மாடு தின்றாலும் அது செரிக்காமல் சாணத்தோடு வெளிவந்து எருக்குழியைச் சேரும். வைக்கோலை வெளியூருக்கு விற்றுவிடும் வயல்களுக்குத்தான் சாம்பல் முதலில் தேவை.