வீட்டுக் கம்ப்யூட்டரில் நாலு நல்ல காரியம்



எங்க வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருக்கு. அக்கா ப்ளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. போன வருஷம் தெரிந்த அண்ணன் ஒருத்தர் பென் டிரைவில் ஒரு சாஃப்ட்வேர் கொண்டுவந்தார். "கடையில பல ஆயிரம் ரூபா. இது பூட்டை உடைச்சது, காசே வேணாம்" என்றார். நானும் ஆசையாகப் போட்டேன். கூடவே வைரஸும் வந்தது. அக்காவின் பி.எட். ப்ராஜெக்ட் மொத்தமும் போச்சு. அக்கா என்னைத் திட்டவே இல்லை. ராத்திரி பூரா உட்கார்ந்து திரும்ப டைப் அடிச்சாங்க. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

கம்ப்யூட்டர் சாரிடம் போய்ச் சொன்னேன். "பூட்டை ஏன்டா உடைக்கணும்? திறந்தே வெச்சிருக்கிறது எவ்வளவோ இருக்கே!" என்றார். அதற்குப் பெயர் கட்டற்ற மென்பொருள். யாரும் பயன்படுத்தலாம், எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கலாம், மாற்றலாம், நண்பனுக்கு காப்பி கொடுக்கலாம். எதுவும் திருட்டு இல்லை. 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் அமெரிக்காவில் இந்த இயக்கத்தைத் தொடங்கினார். அந்த வகையில் நான் போட்டுப் பார்த்த நாலு இதோ.

1. இ-கலப்பை
தமிழில் டைப் அடிக்க உதவுவது. இதில் 'தமிழ் 99' விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்தது அது. உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப்பக்கம். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. நடுவில் புள்ளி தானாக வந்துவிடும்! ஒரு வாரம் தடுமாறும், அப்புறம் கை பழகிடும்.

2. ஸ்டெல்லேரியம்
யானைக்கவுனியில் எங்க மொட்டை மாடியில் நின்றால் வால்டாக்ஸ் ரோடு லைட்டுதான் தெரியும், நட்சத்திரம் தெரியாது. இதில் ஊரைச் 'சென்னை' என்று வைத்தால், இப்போது நம் தலைக்கு மேல் உள்ள வானம் அப்படியே திரையில் வரும். 'சி' எழுத்தைத் தட்டினால் நட்சத்திரக் கூட்டங்களுக்குக் கோடு போடும். ஜனவரி மாத ராத்திரி 8 மணிக்கு வைத்து, சிவப்பாக மின்னும் திருவாதிரையைத் தேடுங்கள்.
செய்து பார்: தேதியை 2019 டிசம்பர் 26, காலை 9.30 என்று மாற்றி, சூரியனைப் பெரிதாக்கு. அன்று சென்னையில் தெரிந்த சூரிய கிரகணம் மறுபடி நடக்கும்!

3. ஆடாசிட்டி
குரலைப் பதிவு செய்யும். குரல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்கும் காட்டும்.
செய்து பார்: மைக்கில் 'ஆ...' என்று ஒரே மாதிரி பாடு. படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் அலைகள் தெரியும். 0.1 விநாடியில் எத்தனை அலை என்று எண்ணி 10-ஆல் பெருக்கு. அதுதான் அதிர்வெண். எங்க அப்பாவுக்கு 12 அலை வந்தது, அதாவது 120 ஹெர்ட்ஸ். தங்கச்சிக்கு 28 அலை, 280 ஹெர்ட்ஸ். கனமான குரலும் கீச்சுக் குரலும் ஏன் என்று இயற்பியல் பாடம் அன்னிக்குத்தான் புரிந்தது.

4. டக்ஸ் பெயிண்ட்
சின்னப் பிள்ளைகள் படம் வரைய. எதைத் தொட்டாலும் ஒரு வேடிக்கைச் சத்தம் வரும். தங்கச்சியை லேப்டாப்பை விட்டு எழுப்பவே முடியலை!

உங்களுக்குத் தெரியுமா?
அரசு 2011-ல் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. அதைச் செய்தது நம்ம சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம்! விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-ல் நின்றுவிட்டது. அதனால் பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம். லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷம் உழைக்கும்.

ஞாபகம் வைக்க:
* எந்த சாஃப்ட்வேரையும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள்.
* முக்கியமான ஃபைலை இரண்டு இடத்தில் வையுங்கள்.
* நெட் இல்லாதவர்கள் சாரிடம் அனுமதி கேட்டு லேபில் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம்.

அக்காவின் ப்ராஜெக்ட் இப்போது இரண்டு பென் டிரைவில் பத்திரமா இருக்கு. அதில் ஒன்று என் பொறுப்பு.

- ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு